ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பழைய கார்: டர்பனில் தேடி வாங்கி, பராமரித்து, ஓட்டுவதற்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறு காலை ஆறு மணி. கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, எங்கள் 1984 டொயோட்டா கிரெசிடாவில் ஏறி, ஆக்ஸிலரேட்டரை இரண்டு தடவை மிதித்துச் சாவியைத் திருப்புவேன். நாலைந்து சுற்று சுற்றி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். முதல் ஒரு நிமிஷம் கரடுமுரடாக ஓடும். இன்ஜின் சூடாக ஆக, சத்தம் மெல்ல இறங்கி ஒரே சீராக வரும். அந்த இறக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம்.

பதினோரு வருஷமாக இந்தக் கார் என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் வேறொரு காரை அவசரப்பட்டு வாங்கி நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டேன். பழைய கார் வாங்க ஆசைப்படும் தம்பிமார் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய கார் ஓடும்போது தின்னும் பணத்தைவிட, நிற்கும்போது தின்னும் பணம் அதிகம். நம் ஊருக்குத் தெரிந்த காராகப் பார்த்து வாங்கி, வாரம் தவறாமல் ஓட்டினால் இந்த ஆசை நடுத்தரக் குடும்பத்துக்கும் தாங்கும்.

1. எதற்காக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எங்கள் அப்பா காலத்தில் ஞாயிறு டிரைவ் என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. கடற்கரைகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பல ஓட்டல்களில் நமக்கு இடம் கிடையாது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891இல் வந்த சட்டம் 1986 வரைக்கும் நடப்பில் இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போவதென்றால், ராத்திரியோடு ராத்திரியாக அந்த மாகாணத்து ஹாரிஸ்மித்தைத் தாண்டி எங்கும் தங்காமல் ஓட்டுவார் அப்பா. டிக்கியில் புளிச்சோறும் வடையும், ரொட்டியில் சுருட்டிய உருளைக்கிழங்குக் கறியும் இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் கார் போக்குவரத்துக்கு மட்டும் ஆன பொருளாக இருந்ததில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் குடும்பம் முழுவதும் உட்கார முடிந்த அறை அது. கிரெசிடாவின் பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டு வரும்போது அந்த அறை எனக்கு ஞாபகம் வரும். நான் பழைய கார் வைத்திருப்பது அதற்காகத்தான்.

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். வளைவுகளில் தனியாக ஓட்டப் பிடிக்கும் என்றால் சின்ன, எடை குறைந்த கார் நல்லது. சனிக்கிழமை முழுவதும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கப் பிடிக்கும் என்றால் கொஞ்சம் பழுதான காரே போதும். குடும்பத்தோடு போகத்தான் என்றால் நான்கு கதவு வேண்டும், பின் சீட்டில் பெல்ட் வேண்டும். 2015 மே முதல் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பின் சீட்டில் பெல்ட்டே இல்லாத காரில் அந்த இருக்கையைப் பொருத்த முடியாது. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்து வருத்தப்பட்டவர்கள் உண்டு.

இன்னொன்று, வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கும்போதுதான் பழைய கார் வாங்குங்கள். திங்கட்கிழமை காலையில் கட்டாயம் கிளம்பியாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அந்தக் காரின் மேல் உள்ள பிரியம் ஆறு மாதத்தில் போய்விடும்.

2. ஊருக்குத் தெரிந்த காரைத் தேர்ந்தெடுங்கள்

படத்தில் பார்த்து ஆசைப்பட்ட இத்தாலியக் கார் யாருக்கும் மனதில் இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு ஒரு கேஸ்கெட் வேண்டுமென்று மூன்று மாதம் தபாலுக்குக் காத்திருந்தால், அந்த மூன்று மாதமும் கார் நிற்கும். தென்னாப்பிரிக்காவிலேயே பூட்டப்பட்டு லட்சக்கணக்கான குடும்பங்கள் ஓட்டிய கார்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

கிரெசிடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா ஆலை நம் ஊருக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன்மார் மேர்பாங்கிலும் இஸிப்பிங்கோவிலும் நிறையப் பேர். என் காரின் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டும் மேர்பாங்க் அண்ணன் புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. நான் வாசலில் காரை நிறுத்தும்போதே, "தம்பி, மிக்ஸ்சர் கொஞ்சம் கனமா இருக்கு" என்பார். காற்றோடு பெட்ரோல் அதிகமாகக் கலக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒருவர் பத்து நிமிஷ தூரத்தில் இருப்பது காரின் விலையில் சேராத சொத்து.

ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் 1984 முதல் 2009 வரை நம் நாட்டில் தயாரான கார். முதல் தலைமுறை கோல்ஃபின் உடம்பு, ஊர் முழுக்கப் பாகங்கள், தெரியாத மெக்கானிக்கே இல்லை. முதல் பழைய கார் வாங்கும் இளைஞருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பக்கி என்று நாம் சொல்லும் சின்ன பிக்கப் வண்டியான நிஸ்ஸான் 1400, 2008 வரைக்கும் பிரிட்டோரியா பக்கத்து ராஸ்லினில் தயாரானது. அதன் எளிமைக்கு ஈடில்லை. இரண்டே பேர் போகலாம் என்பதுதான் குறை. அதே ராஸ்லினில்தான் பி.எம்.டபிள்யூவும் தன் ஆலையை வைத்திருக்கிறது. அங்கே பூட்டிய பழைய 3 சீரிஸைக் கறுப்பினக் குடியிருப்புகளான டவுன்ஷிப்களின் இளைஞர்கள் "குஷேஷே" என்று கொண்டாடுவார்கள். ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். ஆனால் விலை எங்கேயோ போய்விட்டது, திருடர்களுக்கும் அது பிடிக்கும். ஈஸ்ட் லண்டனில் பூட்டிய மெர்சிடிஸ் டபிள்யூ123 இரும்புப் பெட்டி மாதிரி உறுதி என்பார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை அது உண்மை. உடம்பைப் பற்றி நான் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

பாகங்களில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இன்ஜின் பாகத்துக்கு எப்படியும் ஒரு வழி உண்டு, இல்லாவிட்டால் லேத்தில் கடைந்தாவது தருவார்கள். விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர், டாஷ்போர்டு, குரோம் பட்டை போன்றவற்றுக்குத்தான் வழி கிடைக்காது. ஒரே விலையில் இரண்டு கார் இருந்து, ஒன்று நன்றாக ஓடி அலங்காரப் பாகங்கள் பாதி காணாமல் போயிருக்கிறது, மற்றது புகை விட்டாலும் பாகங்கள் முழுதாக இருக்கின்றன என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

3. கடற்கரைக் காரா, மேட்டுநிலக் காரா?

நம் ஊர்க் கார்களுக்கு எமன் உப்புக் காற்று. ப்ளஃபிலோ உம்லாங்காவிலோ கடலைப் பார்த்த வீட்டு வாசலில் பத்து வருஷம் நின்ற காரை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். அதனால் பலரும் ஃப்ரீ ஸ்டேட், கரூ, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் போன்ற உள்நாட்டுப் பக்கம் தேடுகிறார்கள். அங்கே காற்று வறண்டது, உடம்பு சுத்தமாக இருக்கும். ஆனால் வெயிலில் டாஷ்போர்டு வெடித்திருக்கும். கௌட்டெங்கில் ஆலங்கட்டி மழை பெய்து கூரையிலும் பானெட்டிலும் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குனிந்து பார்த்தால் அவை தெரியும்.

மேட்டிலிருந்து கார்புரேட்டர் காரைக் கொண்டுவருகிறவர்கள் இதையும் கவனியுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவு என்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான ஜெட்டைச் சின்னதாகப் போட்டு, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் முன்தள்ளி வைத்திருப்பார்கள். அதே கார் டர்பனின் அடர்ந்த காற்றுக்கு வந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறி ஓடும். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மிதித்தால் தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போல இன்ஜினுக்குள் ஒரு சத்தம் வரும். அதை அலட்சியப்படுத்தினால் பிஸ்டன் ஓட்டையாகும். ஜெட்டை மாற்றி, டைமிங்கைத் திருத்தி, 95 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள். மேட்டுநிலத்தில் 93 போட்டுப் பழகிய கார் என்பதையும் மறக்க வேண்டாம். மெக்கானிக்குக்கு இது அரை நாள் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமலே வருஷக்கணக்கில் ஓட்டி, "இந்தக் கார் எப்பவும் சூடாகுது" என்று புலம்பி விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பிராஸ்பெக்டன் ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். அதனால் டர்பன் பக்கத்துக் கார் என்றால் சீட் ரெயிலிலும், பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியிலும், டிக்கியில் ஸ்பேர் டயர் குழியிலும் மஞ்சள் சேறு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. பார்க்கப் போகும் நாள்

என் முதல் பழைய கார் ஒரு மெர்சிடிஸ் டபிள்யூ123. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். வெள்ளை பெயின்ட் அப்போதுதான் அடித்திருந்தது, முகம் தெரியும் பளபளப்பு. ஒரு மணி நேரத்தில் பணம் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு டயர் பஞ்சர். ஜாக்கை எடுத்து, கதவுக்குக் கீழே அதற்கென்று உள்ள துளையில் செருகிச் சுழற்றினேன். கார் எழவில்லை. கீழே மொறுமொறுவென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கின் கை காரின் உடம்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது. காரின் தகரத்தைத் தட்டிச் சரிசெய்யும் பேனல் பீட்டர் அந்த இடத்தை அறுத்துக் காட்டினார். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பழந்துணியைத் திணித்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் அப்படியே. அதைச் சரிசெய்யக் கேட்ட தொகை நான் காருக்குக் கொடுத்ததைவிட அதிகம். பாதி விலைக்கும் கீழே பாகங்களுக்காக விற்றேன். அன்றிலிருந்து புதுப் பெயின்ட் அடித்த காரைப் பார்த்தால் எனக்குப் பயம். வெளிறிப்போன பழைய பெயின்ட் எதையும் மறைக்காது.

அதனால் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், கைக்குட்டையில் சுற்றிய சின்னக் காந்தம், தரையில் விரிக்கப் பழைய போர்வை, கூடவே விஷயம் தெரிந்த ஓர் அண்ணன் எல்லாம் வேண்டும். பட்ட பகலில் போங்கள், பணக்கட்டோடு போகாதீர்கள். விற்பவரிடம் முந்தின நாளே, "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ காரணத்துக்காகத்தான் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள்.

முதலில் உடம்பு. சக்கர வளைவு, கதவின் கீழ் ஓரம், படிப்பலகை, ஜாக் துளை, டிக்கித் தரை ஆகியவற்றில் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். இரும்பில் இழுத்துப் பிடிக்கும் காந்தம் பட்டி வந்ததும் பிடி விட்டு வழுக்கும். விரல் மூட்டால் தட்டியும் பார்க்கலாம். தகரம் கணீரென்று சொல்லும், பட்டி மந்தமாகச் சொல்லும். கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அடியில் துரு இருக்கும். சிட்டி கோல்ஃபில் பெட்ரோல் ஊற்றும் குழாய் உள்ளே துருப்பிடித்து, அந்தத் தூள் டாங்கில் இறங்கிக் கார்புரேட்டரை அடைக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தாலே தெரியும். முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் தட்டையும், பேட்டரி உட்காரும் தட்டையும் பாருங்கள்.

அப்புறம் இன்ஜின். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர்க்கட்டி மாதிரி வெளுத்த கூழ் இருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கலாம், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போயிருக்குமோ என்று சந்தேகம். குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருக்க வேண்டும். தேநீர் நிறத்தில் துருத் தண்ணீர் இருந்தால், வருஷக்கணக்காக வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், அது பெரும்பாலும் சின்ன வேலைதான். வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஏற்றமும் இருக்க வேண்டும். வெப்பமானி முள் எங்கே நிற்கிறது? மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரவென்கிறதா? கையை லேசாக வைத்துக்கொண்டு பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? திரும்பி வந்து ஐந்து நிமிஷம் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் கார் நம் ஊர் பிப்ரவரி வெயிலில் கண்ட இடத்தில் நிறுத்திவிடும்.

5. காகிதங்கள்

இது சுருக்கமானதுதான், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இன்ஜின் மாற்றியிருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் கேளுங்கள். அது இல்லாமல் பதிவு செய்ய முடியாது. பெயர் மாற்ற, கார் சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வர்த்தி சான்று வேண்டும், அது 60 நாளுக்குத்தான் செல்லும். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். கைமாறியதை விற்பவரும் தன் பங்குக்கு லைசன்ஸ் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

கராஜில் பத்து வருஷம் முடங்கிக் கிடந்த காரை வாங்குவதாக இருந்தால், காருக்கு வருஷா வருஷம் கட்டும் லைசன்ஸ் பாக்கி எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். ஓடாத காருக்கும் பாக்கியும் அபராதமும் ஏறிக்கொண்டே போயிருக்கும். அதைக் கட்டுவது யார் என்று பேசி எழுதிக்கொண்ட பிறகே விலை பேசுங்கள்.

6. முதல் மூன்று மாதம்: அழகை மறந்துவிடுங்கள்

கார் வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் பெயின்ட், ரிம், மியூசிக் சிஸ்டம்தான் நினைவுக்கு வரும். தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். நிறுத்துவது, தீப்பிடிக்காமல் இருப்பது, சூடேறாமல் இருப்பது என்று இந்த வரிசையில்தான் பணம் போக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3115 என்றால் 2015ஆம் ஆண்டு 31ஆம் வாரம் செய்தது. வாரக்கடைசி மட்டும் ஓடும் காரில் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டியாகிவிடும். பார்க்கப் புதுசு போல இருக்கும், மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். ஆறேழு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த திரவம் நீண்ட இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரை வரை போகும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்ற வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ரப்பர் பிரேக் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

பெட்ரோல் குழாய்தான் பழைய காரை எரிக்கும் பொருள். பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள அந்த ஓரடி ரப்பர் வெடித்து, புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் போதும். புதுக் குழாயும் புது கிளிப்பும் மிகச் சொற்பம். தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநர் சீட்டுக்கு முன்னால் கை எட்டும் இடத்தில் பூட்டுங்கள், டிக்கியில் போடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர் வழி. ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட், குழாய்கள், மூடி, பெல்ட் எல்லாம் புதுசாக்கி, சரியான கூலன்ட் ஊற்றுங்கள். ஒரு டிசம்பர் மத்தியானம் போத்தாஸ் ஹில் ஏறும்போது என் காரின் முள் சிவப்பைத் தொட்டது. ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஜன்னல்களை இறக்கி, ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு நாற்பது நிமிஷம் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஹீட்டர்தான் ஹெட்டைக் காப்பாற்றியது. ஆனால் அது நடந்ததே ஒரு பழைய ரேடியேட்டர் மூடியை நான் மாற்றாமல் விட்டதால்தான். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்.

இன்னும் பழைய கார், அறுபதுகள் எழுபதுகளில் வந்தது என்றால் பெட்ரோலைப் பற்றியும் கேளுங்கள். 2006 ஜனவரியோடு நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்தக் காலத்தில் செய்த பல இன்ஜின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது கெட்டிப்படுத்திய இருக்கைகள் போட்டுவிடுங்கள். அதுவரை அதற்கென்று விற்கும் திரவத்தை டாங்கில் கலந்து ஓட்டலாம்.

எதைக் கழற்றினாலும் முதலில் போனில் படம் எடுங்கள், போல்ட்டுகளை முட்டை அட்டையில் கழற்றிய வரிசையில் போடுங்கள். காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். அதை பிரேக் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மவுண்ட் எட்ஜ்கூம் கோயிலுக்குக் கொண்டுபோனது மூன்றாம் மாதத்தில்தான். அன்று ஓட்டும்போது மனதில் ஒரு நடுக்கமும் இல்லை.

7. நோட்டுக் கணக்கு

கிரெசிடா வந்த நாளிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன், இப்போது மூன்றாவது நோட்டு. போன வருஷம் அதில் எழுதியது இது: லைசன்ஸ் டிஸ்க் 650 ரேண்ட், இன்சூரன்ஸ் மாதம் 340 வீதம் 4,080, ஆயிலும் ஃபில்டரும் பிளக்கும் இரண்டு தடவை 1,900, பின் பிரேக் சிலிண்டர்கள் 1,450, ரேடியேட்டருக்குப் புது கோர் 3,600, பேட்டரி 1,750, ஒரு கதவின் அடித்துரு 2,500, பல்பு வைப்பர் மாதிரி சில்லறை 600. மொத்தம் 16,530. ஆயில் மாற்றுவதும் பிரேக் வேலையும் நானே செய்தது, கூலி சேரவில்லை. பெட்ரோல் தனி. ஞாயிறு 120 கிலோமீட்டர் ஓடினால் 13 லிட்டர் போகும்.

ரேடியேட்டரும் பேட்டரியும் வருஷா வருஷம் வராது, ஆனால் அந்த இடத்தில் வேறொன்று வரும். அதனால் வாங்கும் விலைக்கு மேல் கால் பங்கையாவது முதல் வருஷத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். கையில் உள்ள அத்தனையையும் காருக்கே கொடுத்துவிட்டால், முதல் பழுதிலேயே கார் கராஜில் முடங்கும்.

முடங்கினால் என்ன ஆகும் என்பதும் அதே நோட்டில் இருக்கிறது. 2020 மார்ச் 27 முதல் ஊரடங்கு. ஆசைக்கு ஓட்ட அனுமதி கிடையாது. ஐந்து மாதம் கிரெசிடா அசையவில்லை. திறந்து பார்த்தபோது பேட்டரி செத்திருந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பழுப்புப் பசையாக ஒட்டியிருந்தது. முன் பிரேக் காலிப்பர் ஒன்று இறுகிவிட்டது. பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் தோலும் காய்ந்து கிழிந்தது. 9,000 ரேண்ட்டுக்கு மேல் போனது, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல்.

8. இன்சூரன்ஸும் பூட்டும்

சாதாரண இன்சூரன்ஸ் பழைய காரைச் சந்தை விலைப் புத்தகத்தில் தேடும். அதில் உங்கள் கார் இருக்காது, இருந்தாலும் சில்லறைத் தொகையாக இருக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையில் எடுங்கள். காரின் படங்களும் மதிப்பீட்டுச் சான்றும் கொடுத்து, இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக்கொள்வது அது. வாரக்கடைசி மட்டும் ஓடும், பூட்டிய கராஜில் நிற்கும் என்றால் தவணை குறையும். சாவா என்று சுருக்கமாகச் சொல்லும் பழைய கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. அதில் சேர்ந்த உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் உறுப்பினராவது இந்த விஷயத்திலும், பாகம் தேடுவதிலும் கைகொடுக்கும்.

பழைய காரின் கதவுப் பூட்டு ஒரு ஸ்க்ரூடிரைவருக்குத் தாங்காது. கியர் லாக் போடுங்கள், பேட்டரிக்கு மறைவான இடத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். நிற்கும்போது மின்கசிவால் பேட்டரி இறங்குவதையும் அந்த சுவிட்ச் தடுக்கும்.

9. வாரம் தவறாமல் ஓட்டுங்கள்

ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது ஓட்டுவதாகாது. இன்னும் கெடுதல். ஆயில் சூடேறுவதற்குள் அணைத்தால் உள்ளே சேர்ந்த ஈரம் அப்படியே தங்கிவிடும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அரை மணி நேரமாவது நன்றாகச் சூடாகி ஓட வேண்டும்.

எங்கள் வழக்கமான வழி ஆர்102 சாலை. என்2 நெடுஞ்சாலையில் டோல் கட்டி 120இல் லாரிகளோடு போவது இந்தக் காருக்கு அழகில்லை. வெருலம், டொங்காட் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஸ்டேங்கர் வரைக்கும் 70, 80இல் போகும்போதுதான் கிரெசிடா தன் இயல்பில் இருக்கும். ஜன்னல் திறந்திருந்தால், அறுவடைக் காலத்தில் கரும்பு எரித்த வாசம் உள்ளே வரும். 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரும்பு வெட்டிய அதே மண். டொங்காட்டில் வடை வாங்கிக்கொண்டு, திரும்பும்போது கடலோரமாக எம்4இல் வருவோம்.

மாதம் ஒரு முறை உள்நாட்டுப் பக்கம். ஹில்கிரெஸ்ட்டில் ஆர்103ஐப் பிடித்தால் போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இஞ்சாங்கா வழியாக ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகலாம். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்கள் ஏறி இறங்கும் மேடுகள் இவை, கூலிங்கைப் பரிசோதிக்க இதைவிட நல்ல சாலை இல்லை. ஏறும்போது கியரை முன்னதாகவே இறக்குங்கள். குறைந்த சுற்றில் முக்கி முக்கி ஏற்றினால் இன்ஜின் சூடாகும். இறக்கத்திலும் அதே கியரில் இறங்குங்கள், பிரேக் மிச்சமாகும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடக்கும் பழைய கார்க் கண்காட்சிக்கு இந்த வழியாகத்தான் போவேன். இன்னும் தூரம் போக நேரம் இருந்தால் ஹோவிக் அருவியைப் பார்த்துவிட்டு அதே ஆர்103இல் தொடருங்கள். 1962 ஆகஸ்ட் 5 அன்று, ஓட்டுநர் வேஷத்தில் ஓர் ஆஸ்டின் காரில் வந்த மண்டேலாவைப் போலீஸ் மறித்துப் பிடித்த இடம் அங்கேதான். ஐம்பது இரும்புத் தூண்களால் அமைத்த அவர் முகத்தை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நின்றால்தான் முழுதாகப் பார்க்க முடியும். அந்த வாசலில் பழைய காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது என் அப்பா ராத்திரியில் ஓட்டிய வழிகள் எல்லாம் மனதில் வரும்.

வீடு திரும்பியதும் பத்து நிமிஷ வேலை இருக்கிறது. கடலோரமாக வந்திருந்தால் சக்கர வளைவுகளுக்குள்ளும் அடியிலும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உப்பைக் கழுவுங்கள். மேலே துடைப்பது பிறகு ஆகட்டும். ஈரம் காயும் வரை கதவுகளைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். சமதரையான கராஜில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு விடாதீர்கள், ஈரத்தில் பின் டிரம் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையை வையுங்கள். கிலோமீட்டரை நோட்டில் எழுதுங்கள். இன்ஜினுக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரியுங்கள். திங்கள் காலை வேலைக்குக் கிளம்பும்போது நான் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான். கறுப்புச் சொட்டு என்றால் ஆயில், பச்சை என்றால் ரேடியேட்டர். சக்கரத்தின் உள்பக்கம் நிறமே இல்லாமல் வழவழவென்று ஒரு ஈரம் தெரிந்தால் அது பிரேக் திரவம், அதைச் சரிசெய்யாமல் அடுத்த ஞாயிறு காரை வெளியே எடுக்கமாட்டேன்.